அம்மா 19 வருடம் நன்றி சொன்ன பணம்

பொங்கலுக்கு முந்தைய வாரம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். மஞ்சள் தடவிய ஓர் உறையை நீட்டுவார். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "நீங்கள் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்திருப்பேன் அத்தான்" என்பார். அப்பா இறந்த பிறகு 19 பொங்கல் இப்படிப் போனது. அது எங்களுடைய பணம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

தாத்தா கடைத்தெருவில் இருந்த ஆறு கடைகளை ஒரு குடும்ப டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்திருந்தார். பெரியப்பாவும் சித்தப்பாவும் அதை நிர்வகிக்கும் டிரஸ்டிகள். வாடகையில் வரியும் மராமத்தும் போக மிச்சத்தை மூன்று மகன்களின் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரித்துத் தர வேண்டும். மகன் உயிரோடு இல்லாவிட்டால் அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நான்தான் நகல் வாங்கினேன்.

இதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். டிரஸ்ட் என்றால் அறக்கட்டளை என்கிறோம். டிரஸ்டியை அறங்காவலர் என்கிறோம். அது கோயில் வாசலில் பலகையில் எழுதியிருக்கும் சொல். டிரஸ்டின் பலனைப் பெற வேண்டியவரைப் பயனாளி என்கிறோம்; அந்தச் சொல்லைக் கேட்டாலோ இலவசப் பொருளுக்கு வரிசையில் நிற்பவர் நினைவுக்கு வருகிறார். ஆக, கொடுப்பவர் தர்மவான், வாங்குபவர் கையேந்துபவர் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. உண்மை நேர்மாறானது. டிரஸ்டியின் பெயரில் சொத்து இருப்பதே பயனாளிக்காகத்தான். தனக்கென்று அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க அவருக்கு உரிமையில்லை. பத்திரத்திலோ, பொறுப்பை ஏற்கும்போது செய்த ஒப்பந்தத்திலோ அனுமதி இல்லையென்றால், உழைப்புக்குச் சம்பளம்கூடக் கேட்க முடியாது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. தனிப்பட்ட குடும்ப டிரஸ்டுகளுக்கான சட்டம் அது. கோயில், தர்ம காரியங்களுக்கான டிரஸ்டுகள் அதற்குள் வராது.

நான் முதல்முறை கணக்குக் கேட்டபோது பெரியப்பா சொன்னது ஒரே வரி: "என்மேல் நம்பிக்கை இல்லையா?" அம்மா இரண்டு நாள் அழுதார். அவர் கோபமெல்லாம் என்மேல். வளர்த்தவரை அவமானப்படுத்திவிட்டாய் என்றார்.

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை விதவைகள், எத்தனை தங்கைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! நம்பி ஒப்படைத்ததால்தான் கணக்குக் காட்ட வேண்டும். தெளிவான கணக்கு வைத்திருப்பதும், பயனாளி கேட்டால் சொத்தின் நிலையை முழுமையாகச் சொல்வதும் டிரஸ்ட் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி டிரஸ்டியின் கடமை. 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பத்திரம், கணக்கு, ரசீதுகள், டிரஸ்ட் விஷயமாக அவர் வக்கீலிடம் வாங்கிய கருத்து உட்பட எல்லாவற்றையும் பார்த்து நகலெடுத்துக்கொள்ளப் பயனாளிக்கு உரிமை உண்டு. இவ்வளவு வருடம் கழித்துக் கேட்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: கேட்கலாம். இப்படி எழுதி ஒப்படைத்த சொத்துக்கு டிரஸ்டியிடம் கணக்குக் கேட்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 10ஆம் பிரிவில்.

எனக்குப் பெரியப்பாவைவிடச் சித்தப்பாமேல்தான் அதிக வருத்தம். "அண்ணன் பார்த்துக்கொள்கிறார், எனக்கொன்றும் தெரியாது" என்று ஒதுங்கிக்கொண்டார். பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். இன்னொருவர் தவறு செய்வது தெரிந்தும் பயனாளியின் நலனைக் காக்க முயலாத டிரஸ்டியும் அந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாவார். குடும்ப மரியாதைக்காக டிரஸ்டியாகச் சம்மதித்துவிட்டுக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்று பாதியில் உதறிவிடவும் முடியாது. பத்திரத்தில் வழியிருக்க வேண்டும், அல்லது பயனாளிகள் சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்துக் கணக்கு நோட்டுகள் வந்தன. நான் எதிர்பார்த்த திருட்டு அவற்றில் இல்லை. சொந்தச் செலவும் டிரஸ்ட் செலவும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன. மூன்று முறை கட்டடத்துக்குச் சொத்து வரியைப் பெரியப்பா தன் கையிலிருந்து கட்டியிருந்தார். அதை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. சட்டப்படி அது அவருக்கு வர வேண்டிய பணம், கொடுத்தோம். ஆனால் மூலைக் கடையைத் தன் மகனுக்கு மற்றவர்கள் தரும் வாடகையில் பாதிக்கும் குறைவாக விட்டிருந்தார். எட்டு வருடம். அதை அவர் தவறென்றே நினைக்கவில்லை. "நம் பையன்தானே" என்றார். நம் பையன்தான். ஆனால் அப்படிக் குறைத்துவிட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு என் தங்கையின் கல்லூரிக் கட்டணம்.

அப்புறம் ஒரு சமாதானப் பேச்சு வந்தது. எங்களுக்கும் அதேபோலக் குறைந்த வாடகையில் ஒரு கடை, பழைய பேச்சை விட்டுவிட வேண்டும். அண்ணன் சம்மதிக்கத் தயாராக இருந்தான். நான் மறுத்தேன். மறுத்தது நல்லதாயிற்று. அதனால் குறைவது சித்தப்பா வீட்டுப் பங்கும்தான், அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு பயனாளியே டிரஸ்டியின் மீறலில் சேர்ந்துகொண்டால், நஷ்டம் ஈடாகும்வரை அவருடைய பங்கைத் தடுத்து வைக்கும்படி மற்ற பயனாளிகள் கேட்கலாம், டிரஸ்ட் சட்டத்தின் 68ஆம் பிரிவு. உரிமை கேட்கக் கிளம்பிய நாங்களே அதில் மாட்டியிருப்போம்.

பத்திரத்தில் ஒரு வரி எங்களைப் பயமுறுத்தியது: தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பே முடிவு, கோர்ட்டுக்குப் போகக் கூடாது. மும்பைக் குடும்பம் ஒன்றின் வழக்கில், தனியார் டிரஸ்ட் தகராறுகளை அப்படி நடுவரிடம் அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது என்று வக்கீல் விளக்கினார். பயனாளிகள் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர் என்பது அதற்கு ஒரு காரணம். எங்களுக்குக் கோர்ட் தேவைப்படவில்லை. மூலைக் கடையின் வாடகை உயர்ந்தது, பாக்கி தவணையாக வருகிறது, டிரஸ்டுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்தாயிற்று.

பெரியப்பா ஒரு வருடம் பேசவில்லை. அது வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இப்போது பொங்கலுக்கு உறை வருவதில்லை; வருடக் கணக்கு தபாலில் வருகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார். இந்த முறை தண்ணீர் வரி இரண்டு இடத்தில் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து, அவரே பெரியப்பாவுக்குப் போன் செய்தார். "அத்தான், நான்காம் பக்கம் பாருங்கள்" என்றார். பெரியப்பா பார்த்துவிட்டுத் திருத்தி அனுப்பினார்.