ஓட்டை விழுந்த கத்தரிக்காய் இயற்கை விளைச்சலா?

‘ஓட்டை இருக்கிற காயா எடுங்க, அதுதான் மருந்து படாதது’ என்று கம்பம், குமுளிப் பக்கம் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

காய்த்துளைப்பான் புழு பொரித்த சில மணி நேரத்திலேயே காய்க்குள் புகுந்துவிடும். மேலே தெளிப்பது அதைத் தொடாது. அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். ஓட்டையும் இருக்கும், மருந்தும் இருக்கும். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து கழுவினாலும் முழுதாகப் போகாது. மாறாக, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, புழு புகுந்து வாடிய குருத்தைக் கிள்ளி அழித்துவரும் தோட்டத்தில் மருந்தில்லாமலே வழவழப்பான காய் கிடைக்கும்.

பாக்கெட்டில் இயற்கை விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடுங்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்கு மட்டும்தான். சிறு விவசாயி நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. புழுவுக்கு என்ன செய்தீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.