கடலடி மண் எதுவானாலும் ஒன்றா? உண்மை விளக்கம்

"சிப்பி, கடற்புழுக் குஞ்சுகள் நீரோட்டம் போட்ட இடத்திலேயே தங்கிவிடும்; கடலடி மண் எதுவானாலும் ஒன்றுதான்" என்று தொண்டிக் கடலைச் சுட்டிக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி பாதிதான் சரி.

நீரோட்டம் அவற்றைச் சுமந்து வருவது உண்மையே. ஆனால், ஒஃபீலியா பைகார்னிஸ் என்னும் மணற்புழுவின் இளவுயிரிகளை, அதாவது குஞ்சுகளை, இங்கிலாந்தின் பிளைமவுத்தில் பல்லாண்டுகள் ஆராய்ந்த கடலுயிரியலாளர் டக்ளஸ் வில்சன், துகள்களின் மேல் நுண்ணுயிர்ப் படலம் படிந்த மணலையே அவை நாடுவதையும், அமிலத்தில் கழுவிய மணல் அந்த ஈர்ப்பை இழப்பதையும், ஏற்ற தரை கிடைக்காதபோது அவை முதிர்புழுவாக மாறும் உருமாற்றத்தையே தள்ளிப்போடுவதையும் காட்டினார். இதுவே அச்செய்திக்கு நேர் மறுப்பு. ஓடும் நீரிலும் இத்தேர்வு நிகழ்கிறது: 1988இல் வெளியான ஆய்வில், கேபிடெல்லா புழுவின் இளவுயிரிகள் செயற்கை நீரோட்டத்திலும் கரிமச்சத்து மிகுந்த சேற்றையே தேர்ந்தன.

ஆகவே, ஓரிடத்து வண்டலை அகற்றி வேறு மணலைக் கொட்டினால், அங்கே குடியேறும் உயிரினங்களே மாறக்கூடும்.