ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் முடியும்

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ், பலகாரம், கண்டாங்கிச் சேலை என்று மூன்று தொழில் நடத்துபவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு இணையதளம் வேண்டுமென்றால், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸையும் மூன்று முறை தனித்தனியாக நிறுவியே ஆக வேண்டும் என்று இங்கே ஒரு கருத்து பரவுகிறது. அப்படி இல்லை அண்ணே. 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. 4.5 பதிப்பிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி டொமைன், அதாவது தனி இணைய முகவரி, தர பிளகின் என்ற கூடுதல் நிரல்கூடத் தேவையில்லை. சர்வர் படுத்தால் மூன்றும் சேர்ந்து படுக்குமே என்று தனித்தனியாக வைப்பவர்களும் உண்டு, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் கட்டாயம் என்பது சரியல்ல.

சோதனைத் தளம் ஒன்றில் நீங்களே பார்க்கலாம். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ உதவிப் பக்கத்தில் மல்டிசைட் பகுதியில் இருக்கும் ஒற்றை வரியை வேர்ட்பிரஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் (wp-config.php) சேருங்கள். அப்புறம் டூல்ஸ் மெனுவில் நெட்வொர்க் செட்டப் என்று புதிதாக ஒன்று வரும்.