ஹிஸ்டாரிக் வேற, ஹிஸ்டாரிக்கல் வேற

தண்டையார்பேட்டை தம்பி ஒருத்தர் கமெண்ட்ல, 'இங்கிலீஷ்ல ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் ரெண்டும் ஒண்ணுதான், போட்டித் தேர்வுல எதைப் போட்டாலும் மார்க் விழும்'னு எழுதியிருக்கார். விழாது தம்பி.

நம்ம வட சென்னையையே எடுத்துக்குங்க. ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல திறந்தது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அங்கேருந்துதான் ஆற்காடு பக்கத்துல இருக்கிற வாலாஜாவுக்குக் கிளம்புச்சு. அதனால அது ஹிஸ்டாரிக் ஸ்டேஷன். பழசுங்கிறதுக்காக இல்ல, அங்க நடந்தது பெரிய விஷயம்ங்கிறதுக்காக. அந்தக் காலத்து சரக்குப் பதிவேடு ஒண்ணு கிடைச்சா, அது ஹிஸ்டாரிக்கல் டாக்குமெண்ட். அதுல வெறும் மூட்டைக் கணக்கு இருந்தாலும் சரி, கடந்த காலத்தைச் சேர்ந்ததா இருந்தா போதும்.

பெரம்பூர் மில் தொழிலாளிங்களுக்காக 1918-ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்ச நாள் ஹிஸ்டாரிக். அதை வெச்சு இன்னிக்கு ஒருத்தர் நாவல் எழுதினா ஹிஸ்டாரிக்கல் நாவல். ஹிஸ்டாரிக் நாவல்னு போட்டா, நாவலே சரித்திரம் படைச்சிடுச்சுன்னு ஆகிடும். (எழுதினவருக்கு வேணும்னா சந்தோஷமா இருக்கும்.)

பழைய இங்கிலீஷ்ல ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க, நிஜம்தான். தம்பி அதைப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாம். இப்போ வழக்குல அப்படி இல்ல.

எகனாமிக், எகனாமிக்கல்ல இன்னும் மோசம். முதலாவது பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, ரெண்டாவது செலவு கம்மியானது. 'எகனாமிக்கல் கிரைசிஸ்'னு எழுதினா சிக்கனமான நெருக்கடி!

தம்பியோட அந்தக் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு டெலிட் பண்ணிடுங்க.