நானோ காரும் நம்ம கௌரவமும்

டாடா நானோ கார் ஏன் விக்காம போச்சுன்னு கேட்டா, மேற்கு வங்காளத்துல சிங்கூர்ல ஃபேக்டரி நிலத்துக்காக வந்த பிரச்சனை, அங்கங்க தீப்பிடிச்ச செய்தி, ரெண்டு சிலிண்டர் இஞ்சின் சத்தம்னு வரிசையா சொல்வாங்க. எல்லாம் நடந்தது தான். ஆனா என்னைக் கேட்டா அந்த வண்டிய கவுத்தது அதுக்கு வச்ச பட்டப்பேரு தான், "உலகத்துலயே விலை கம்மியான காரு".

யோசிச்சுப் பாருங்க, நம்ம வீடுகள்ல முதல் கார் வர்ற நாள் எப்படி இருக்கும். கோயில் வாசல்ல நிறுத்தி மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, அப்படியே மாமா வீடு சித்தப்பா வீடுன்னு ஒரு ரவுண்டு போய் காட்டிட்டு வந்தா தான் மனசு நிறையும். வருஷக்கணக்கா சேர்த்த காசு, லோன் வேற. அப்படி வாங்கின வண்டிய பாத்து ஒருத்தன் "ஓ, அந்த ஒரு லட்ச ரூபா வண்டியா"ன்னு கேட்டுட்டா அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஆல்டோ வாங்கிக்கலாம்னு தான் தோணும், அதுல தப்பே இல்ல.

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா, அந்த கார் பொறந்ததே ஒரு நல்ல உணர்வுல தான். ஸ்கூட்டர்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல பிள்ளைய இடுக்கிக்கிட்டு வழுக்குற ரோட்டுல போற குடும்பங்களப் பாத்து தான் இந்த யோசனை வந்துச்சுன்னு ரத்தன் டாடாவே சொல்லியிருக்காரு. பிள்ளை நனையாம பத்திரமா வீடு வந்து சேரணும், எவ்வளவு பெரிய விஷயம் அது! 2008 ஜனவரில டெல்லி ஆட்டோ எக்ஸ்போல காட்டினப்போ நாடே பேசுச்சு, 2009ல புக்கிங் 2 லட்சத்தத் தாண்டி முதல் 1 லட்சம் பேர குலுக்கல்ல எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா பேச்சு முழுக்க விலையப் பத்தி தான், பிள்ளையப் பத்தி யாரும் பேசல. கம்பெனியே அத மலிவு வண்டின்னு சொல்லி வித்தது துரதிர்ஷ்டம்னு பின்னாடி ரத்தன் டாடாவே ஒத்துக்கிட்டாரு.

மாருதி 800ம் சின்ன வண்டி தான். 1983 டிசம்பர்ல முதல் சாவிய இந்திரா காந்தி கையால குடுத்தாங்க. அத வாங்கினவங்க தலை நிமிந்து ஓட்டினாங்க, நாமளும் கார் வச்சிருக்கோம்ங்கிற பெருமைய அந்த வண்டி குடுத்துச்சு.

2015ல ஜென்எக்ஸ் நானோன்னு புது கலர், ஆட்டோ கியர், திறக்குற டிக்கி எல்லாம் வச்சு இளைஞர்களுக்கான வண்டின்னு கொண்டு வந்தாங்க. நிஜமாவே நல்ல வண்டி, டவுனுக்குள்ள ஓட்ட அவ்வளவு வசதி. ஆனா ஏழை வண்டின்னு ஊரு முழுக்க பதிஞ்ச பேர பெயிண்ட் மாத்தி எடுக்க முடியல, 2018 ஜூன் மாசம் முழுக்க அவங்க தயாரிச்ச நானோ ஒண்ணே ஒண்ணு.