கடையின் பெயர் கடைக்காரர் கையில்தான் இருக்க வேண்டும்

ஒரு அச்சகத்தின் டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், புதுப்பிக்கப்படாமல் வேறு யார் கைக்கோ போய்விட்டது. இப்போது அந்தத் தளத்தைத் திறந்தால் ஆன்லைன் ரம்மி வருகிற ஸ்க்ரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கீழே இருந்த கமெண்டுகளையும் படித்தேன். "எண்ணூறு ரூபாய்க்குக் கஞ்சத்தனம்." "இந்தக் காலத்துல யாருக்கு வெப்சைட் வேணும்?" "டிசைனர் பசங்க எல்லாருமே இப்படித்தான்." நானும் வெப்சைட் டிசைனர்தான். இந்த மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த அச்சகக்காரர் புதுப்பிக்கப் பணம் கட்ட மறுக்கவில்லை. கட்ட வேண்டும் என்ற தகவலே அவருக்குப் போகவில்லை. டொமைன் வாங்கியது அவர் காசில். பதிவாகியிருந்தது, முதன்முதலில் தளம் செய்து கொடுத்தவரின் மெயில் ஐடியில். அந்த ஆள் இந்தத் தொழிலையே விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். டாட் காம் பெயர்களுக்கு, அவற்றைப் பதிவு செய்து தரும் நிறுவனம் கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் இருக்கும்போது இன்னொன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் மற்றொன்று அனுப்பியாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை நிர்வகிக்கிற ஐகான் அமைப்பின் விதி. மூன்றுமே யாரும் திறந்து பார்க்காத மெயிலுக்குப் போயிருக்கும். கெடு முடிந்த பிறகும் 45 நாள் வரை சலுகை தரலாம். நீக்கப்பட்டாலும் 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம்.  இவ்வளவு அவகாசமும் வீணானது ஒரே காரணத்தால்: பெயர் அவர் பெயரில் இல்லை.

மறதி, கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஹாட்மெயிலுக்குள் நுழையத் தேவையான பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்தது. பலரால் ஹாட்மெயிலுக்குள் போக முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நடந்தது இது. தகவலே போய்ச் சேராத ஒரு அச்சகக்காரரை ஏன் இப்படிக் கேலி செய்கிறீர்கள்?

நம் காசில் வீடு கட்டிவிட்டு, பத்திரத்தை மேஸ்திரி பெயரில் பதிவோமா? டொமைனில் மட்டும் அதைச் சர்வ சாதாரணமாகச் செய்கிறோம். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு, ஒரு பெயர் யாருடையது என்று ஹூயிஸ் போன்ற டொமைன் விவரத் தேடலில் பார்த்தாலும் பெரும்பாலும் விவரம் மறைத்தே காட்டப்படுகிறது. தன் பெயர் தன்னிடம் இல்லை என்பதைக் கடைக்காரர் தெரிந்துகொள்வது முன்பைவிடக் கஷ்டம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சிக்குத் தளம் செய்தேன். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகளை உட்கார வைத்து, கடைக்கென்று ஒரு மெயில் ஐடி தொடங்கி, அவர் கார்டிலேயே பணம் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டுக் கொடுத்தேன். சில வருஷம் கழித்து அவர் வேறு டிசைனரிடம் போய்விட்டார். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதியவருக்குத் தேவையான எல்லாம் கடையிலேயே இருந்தது. என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. "பிடியை விட்டுட்டியே, கஸ்டமர் போயிட்டான் பார்" என்று கூட இருப்பவர்களே சொன்னார்கள். அந்தப் பேச்சுதான் அண்ணாச்சி போனதைவிட அதிகம் வலித்தது.

"பணம் தராமல் ஏமாற்றுகிறார்கள், டொமைன்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி" என்று ஒரு சக டிசைனர் எழுதியிருந்தார். ஏமாற்றுகிறார்கள், உண்மைதான். மூன்று முறை லோகோவை மாற்றச் சொல்லிவிட்டு போனை எடுக்காதவர்களை எனக்கும் தெரியும். வேலையை நிறுத்துங்கள். டிசைனின் மூலக் கோப்பான ஃபிக்மா ஃபைலைக் கொடுக்காதீர்கள். முன்பணம் இல்லாமல் தொடங்காதீர்கள். ஆனால் ஒருவர் தாத்தா காலத்திலிருந்து நடத்துகிற கடையின் பெயரைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. வடிவமைப்பு நாம் செய்தது. பெயர் நாம் செய்ததா?

"கடைக்காரர் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்" என்கிறார்கள். மறக்கட்டும். மெயில் அவருடையதாக இருந்தால் மீட்டுக்கொள்ளலாம்.

"இன்ஸ்டாகிராம் போதாதா?" இதைச் சொல்பவர்கள் மீதுதான் எனக்கு ஆதங்கம் அதிகம். இலவசமாக இணையப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டிஸை யாஹூ 2009-இல் மூடியது. இன்ஸ்டா மாதிரியே சமூக வலைதளமாக இருந்த ஆர்குட் 2014-இல் போனது. கூகுள் பிளஸ் 2019-இல். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை நம்பியே புடவையும் ஊறுகாயும் விற்றுக்கொண்டிருந்த பெண்களின் பக்கங்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. அவர்கள் செய்த குற்றம் என்ன? இன்ஸ்டாவில் கடை போடுங்கள், நானும் போட்டுத்தான் தருகிறேன். ஆனால் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வர, உங்களுக்கே சொந்தமான ஒரு முகவரி வேண்டும்.

கருவிகளும் அப்படித்தான். அசையும் படங்கள் செய்கிற ஃபிளாஷ் மென்பொருளில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாவிலைத் தோரணம் அசைகிற மாதிரி முகப்பு செய்தேன், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. என் தோரணம் இப்போது வழக்கமான பிரவுசர்களில் தானாக ஓடாது. மண்டபத்தின் டொமைன் மட்டும் இன்றும் இருக்கிறது, மண்டபத்துக்காரர் பெயரிலேயே. 2023-இல் கூகுள் தன் டொமைன் வியாபாரத்தையே ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. சுமார் 1 கோடிப் பெயர்கள் கை மாறின. விற்ற கடை மாறியதே தவிர, பெயர்கள் உரியவர்களிடம்தான் இருந்தன.

இப்போது புதிதாக, "ஏஐ பத்து நிமிஷத்துல சைட் போட்டுடும், நீங்க எதுக்கு?" என்கிறார்கள். போடட்டும். பெயர் யார் மெயிலில் பதிவாகிறது என்று அது கடைக்காரரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்குமா? நான் இத்தனை வருஷம் செய்தது படம் ஒட்டுகிற வேலை மட்டுமில்லை. "டிசைனர் பசங்க எல்லாருமே இப்படித்தான்" என்று எழுதியவருக்கு இது தெரிய வேண்டும்.

சக டிசைனர்களே, உங்கள் கணக்கில் இன்னும் கிடக்கிற வாடிக்கையாளர் டொமைன்களை இந்த வாரமே பட்டியல் எடுங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். டொமைன் பதிவாகியிருக்கிற அதே நிறுவனத்தில் அவருக்கு ஒரு கணக்குத் தொடங்கி அங்கே மாற்றுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது என்றால், டொமைனை மாற்றவிடாமல் தடுக்கிற பூட்டை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறேன்.