கொல்லுப்பட்டறையைக் கார் மட்டும் மூடவில்லை
மோட்டார் கார் வந்ததும் இங்கிலாந்துக் கிராமங்களில் கொல்லரும் வண்டித் தச்சரும் காணாமல் போனார்கள் என்று இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள், குடும்பத் தலைவர்கள் கைப்பட எழுதியவை, இணையத்திலேயே கிடைக்கின்றன. கார் ஓடத் தொடங்கிப் பல வருடம் ஆன பிறகும் கிராமத்துப் பக்கங்களில் கொல்லர், தச்சர், சேணம் தைப்பவர் என்று வந்துகொண்டே இருக்கும். பெரிய அடி 1914 ஆகஸ்டில்தான் விழுந்தது, முதல் உலகப் போருக்காக ராணுவம் சில வாரங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொண்டுபோய்விட்டது, குதிரை போனால் லாடம் அடிப்பவருக்கு வேலை ஏது? அப்புறமும் பலர் தொழிலை விடவில்லை, சைக்கிள் பழுது பார்த்தார்கள், பெட்ரோல் விற்றார்கள். இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வண்டித் தச்சர் வேலை சாதாரண மர வேலைதானே என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் நடுக் குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வெளிவட்டமான வட்டைக்கு ஆஷ் என்று மூன்று மரம். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்து, செக்கச்செவேலென்று காய்ச்சி, குறட்டால் பிடித்து இறக்கினார்கள், மரம் புகைந்து தீப்பற்றும் நேரத்தில் தண்ணீரை ஊற்ற, இரும்பு சுருங்கி மூட்டுகள் எல்லாம் கறகறவென்று இறுகிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பல ஊர்களில் சவப்பெட்டி செய்ததும் இதே தச்சர்தான், சாவுக்குக் காரும் டிராக்டரும் மாற்று இல்லை என்பதால் அந்த வேலை கடைசி வரை அவர்களிடம் இருந்தது.